கேள்வி நேரம்: மார்மன்களின் வண்டிப் பாதை

சென்ற இதழில், 1846 முதல் 1869 வரை மார்மன் சமயத்தார் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து நாவூ நகரிலிருந்து, இன்றைய யூட்டாவிலுள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு நிலவழியே இடம்பெயர்ந்தது பற்றி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வண்டியையும் மாட்டையும் பற்றியே கேட்டிருந்தன. எங்களுக்கும் அதுதான் பிடித்த பகுதி.

கேள்வி: பிப்ரவரி பனியில் எதற்காகக் கிளம்பினார்கள்? வசந்தம் வரை காத்திருந்தால் என்ன?

பதில்: காத்திருப்பதாகத்தான் முதலில் பேச்சு. 1844 ஜூன் 27-ஆம் தேதி கார்த்தேஜ் சிறையில், மார்மன் சமயத்தைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக்கொன்றது. அதன்பின் அக்கம்பக்கத்தாரின் பகை ஓயவில்லை. 1846 வசந்தத்தில் ஊரைக் காலி செய்வதாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தலைவர்களைக் கைது செய்யப் போகிறார்கள், படை வரப்போகிறது என்று வதந்தி பரவவே, பிப்ரவரி 4-ஆம் தேதியே முதல் வண்டிகள் மிசிசிப்பியைக் கடந்துவிட்டன.

அந்த அவசரத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. புல் முளைக்காத காலத்தில் மாட்டை ஓட்டினால் தீவனத்தையும் சுமந்துகொண்டு போகவேண்டும், அல்லது விலைக்கு வாங்க வேண்டும். ஆண்கள் வழியிலிருந்த பண்ணைகளில் வேலிக்கட்டை பிளந்து கொடுத்து, கூலியாக மக்காச்சோளம் வாங்கினார்கள். அதற்குள் மழை வேறு. முன்னணிக் கூட்டம் மார்ச் 1-ஆம் தேதி, மிசிசிப்பிக்கு மேற்கே அயோவாவிலிருந்த சுகர் கிரீக் முகாமை விட்டது. மிசூரி ஆற்றங்கரையைத் தொட்டபோது ஜூன் 14. சுமார் 300 மைலுக்கு மூன்றரை மாதம்! மறு ஆண்டு, ஸ்மித்துக்குப் பின் தலைமையேற்ற இதே பிரிகாம் யங்கின் கீழ் 1,031 மைலை 111 நாளில் முடித்தார்கள். வித்தியாசம் சேற்றிலும் புல்லிலும் இருந்தது. 1846-இலேயே ராக்கி மலைக்குப் போய்விடும் எண்ணம் அயோவா சேற்றில் புதைந்தது. இன்றைய ஒமாகாவுக்குப் பக்கத்தில் வின்டர் குவார்ட்டர்ஸ் என்று குடிசை போட்டுக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். காய்கறியே இல்லாத சாப்பாட்டால் ஸ்கர்வி என்ற நோய் வந்து கால்கள் கறுத்தன, பலர் மாண்டார்கள்.

கேள்வி: ஒரு குடும்பம் எவ்வளவு சாமான் ஏற்றியது?

பதில்: 1845 அக்டோபரில் நாவூவின் பத்திரிகையிலேயே பட்டியல் போட்டார்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு: கூண்டு போட்ட உறுதியான வண்டி ஒன்று, நான்கிலிருந்து பத்து வயதுக்குள் மூன்று ஜோடி எருதுகள், இரண்டு கறவை மாடுகள், 1,000 பவுண்டு மாவு, 100 பவுண்டு சர்க்கரை, 25 பவுண்டு உப்பு, ஆண்களுக்கு ஆளுக்கொரு துப்பாக்கி, விதை, உழவுக் கருவிகள், துணியும் படுக்கையுமாக 500 பவுண்டுக்கு மேற்படாமல். மாவும் படுக்கையும் மட்டுமே முக்கால் டன்னை நெருங்குகிறது. அதனால்தான் மூன்று ஜோடி. மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை, ஜாதிக்காய்கூட அதில் உண்டு. 2 பவுண்டு தேயிலையும் 5 பவுண்டு காப்பியும் இருப்பதைப் பார்த்துச் சிலர் புருவம் உயர்த்துவார்கள். அவற்றை விலக்கச் சொல்லும் மார்மன் சமய அறிவுரை 1833-இலேயே வந்துவிட்டது. கண்டிப்பான விதியாக மாறியது வெகு காலம் கழித்துத்தான்.

எல்லாக் குடும்பத்தாலும் இப்பட்டியலை நிரப்ப முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: குதிரை வேகமாகப் போகுமே, ஏன் எருது?

பதில்: குதிரைக்குத் தானியம் வேண்டும், எருது வழியோரப் புல்லைத் தின்றே இழுக்கும். சேணம் வேண்டாம், நுகத்தடியும் சங்கிலியும் போதும். மணிக்கு 2 மைல்தான் நடக்கும், நாளுக்கு 12 முதல் 15 மைல். ஓட்டுபவர் வண்டியில் உட்காருவதில்லை. கடிவாளமும் கிடையாது, மூக்கணாங்கயிறும் கிடையாது. மாட்டின் இடப்பக்கம் கூடவே நடந்து, குரலாலும் சாட்டையாலும் திருப்புவார். 1847-இன் முன்னணிக் கூட்டம் இதற்கு விதிவிலக்கு. 148 பேர் கொண்ட அந்தக் கூட்டத்தில் 93 குதிரைகள், 52 கோவேறு கழுதைகள், எருதுகள் 66 மட்டுமே. வழி பார்க்கப் போனவர்களுக்கு வேகம் வேண்டியிருந்தது.

எருதின் பலவீனம் குளம்பு. கல்தரையில் தேய்ந்து நொண்டத் தொடங்கினால் லாடம் அடிக்கவேண்டும். பிளவுபட்ட குளம்பு ஆதலால் காலுக்கு இரண்டு தகடு, மாட்டுக்கு எட்டு. குதிரைபோல ஒரு காலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மூன்று காலில் நிற்க எருதுக்கு வராது; கீழே சாய்த்துக் கட்டித்தான் அடிக்க வேண்டும். உப்புப் படிந்த கார நீர்க் குட்டைகள் இன்னொரு தொல்லை. தாகத்தில் குடித்துவிட்டால் மாடு செத்துவிழும். கொழுத்த பன்றி இறைச்சித் துண்டை மாட்டின் தொண்டைக்குள் திணிப்பதுதான் அன்றைய வைத்தியம்.

கேள்வி: தூரத்தை வண்டிச் சக்கரத்தில் துணி கட்டி அளந்தார்களாமே, உண்மையா?

பதில்: உண்மை. வில்லியம் கிளேட்டன் என்ற எழுத்தருக்கு, மற்றவர்கள் உத்தேசமாகச் சொன்ன மைல்கணக்கில் நம்பிக்கை இல்லை. ஒரு வண்டியின் பின்சக்கரச் சுற்றளவை அளந்தார்: 14 அடி 8 அங்குலம். 360 சுற்றுக்குச் சரியாக ஒரு மைல். 1847 மே 8-ஆம் தேதி ஆரக்காலில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, அன்று முழுக்க வண்டியோடு நடந்து, துணி சுற்றிவருவதை எண்ணினார். 4,070 சுற்று. பதினொன்றேகால் மைலும் 20 சுற்றும்.

நாள் முழுக்க இப்படி எண்ணினால் யாருக்கும் அலுக்கும். கணிதம் தெரிந்த ஆர்சன் பிராட் ஒரு பல்சக்கரக் கருவியை வடிவமைக்க, தச்சர் ஆப்பிள்டன் ஹார்மன் மரத்திலேயே செய்துகொடுத்தார். சக்கரத்தின் குடத்தில் (நடுக்கட்டையில்) ஒரு பல். அது ஆறு கைகள் கொண்ட ஒரு தண்டைத் தட்டித் தட்டித் திருப்பும். சக்கரம் ஆறு முறை சுற்றினால் தண்டு ஒரு முறை சுற்றும். தண்டின் மேல்முனையில் வெட்டிய திருகு, 60 பல் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகர்த்தும். ஆறை அறுபதால் பெருக்கினால் 360, அதாவது ஒரு மைல். அந்தச் சக்கரத்தின் அச்சிலுள்ள நான்கு பற்கள் 40 பல் சக்கரத்தைத் தள்ள, பத்து மைல் வரை கணக்கு நிற்கும். கிளேட்டன் இந்த அளவுகளைத் தொகுத்து 1848-இல் வழிகாட்டி நூலாக அச்சிட்டார். அடுத்த தண்ணீர் எத்தனை மைலில், புல் எங்கே என்று தெரிந்தால் இன்று எங்கே முகாம் போடுவது என்று காலையிலேயே முடிவு செய்யலாம். பின்னால் வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

கேள்வி: பாலம் இல்லாமல் ஆறுகளை எப்படிக் கடந்தார்கள்?

பதில்: ஆழமற்ற இடத்தில் வண்டியோடு இறங்கினார்கள். இன்றைய வயோமிங்கின் காஸ்பர் நகருக்கு அருகே வட பிளாட் ஆறு 1847 ஜூனில் பனி உருகிப் பெருகியிருந்தது. சாமான்களைத் தோல் படகில் அக்கரை சேர்த்துவிட்டு, வெறும் வண்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள், வெள்ளம் புரட்டிப்போட்டது. நான்காகக் கட்டினால் கவிழவில்லை, ஆனால் ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். கடைசியில் பெரிய மரங்களைக் குடைந்து, மேலே பலகை போட்டுப் பரிசல்துறையே அமைத்தார்கள். ஒன்பது பேரை அங்கேயே நிறுத்திவிட்டுப் போனார்கள். ஆரிகன் போகும் மற்றப் பயணிகளிடம் வண்டிச்சுமைக்கு ஒன்றரை டாலர் வசூல், அதையும் மாவாகவும் பன்றி இறைச்சியாகவும் வாங்கினார்கள். அந்த இடத்தில் டாலரைத் தின்ன முடியாதே.

கேள்வி: கைவண்டிக் கூட்டங்கள் அழிந்தது குளிராலா, வண்டியாலா?

பதில்: இரண்டும்தான், ஆனால் முதல் குற்றவாளி நாட்காட்டி. 1856-இல் ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைகளுக்கு எருதுவண்டி வாங்கப் பணம் போதவில்லை. ரயில் அயோவா சிட்டி வரைதான். அங்கிருந்து ஆட்களே இழுக்கும் இருசக்கர வண்டிகள். ஐந்து பேருக்கு ஒரு வண்டி, இருபது பேருக்கு ஒரு கூடாரம், பெரியவர்களுக்குத் தலைக்கு 17 பவுண்டு துணிமணி, நாளுக்குச் சுமார் ஒரு பவுண்டு மாவு. அவ்வாண்டின் முதல் இரண்டு கூட்டங்கள் செப்டம்பர் 26-ஆம் தேதியே சால்ட் லேக் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆகவே யோசனையே பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட முடியாது.

வில்லி, மார்ட்டின் ஆகியோர் தலைமையேற்ற கடைசி இரண்டு கூட்டங்கள் கப்பலேறியதே தாமதம். வந்து பார்த்தால் வண்டிகள் தயாரில்லை. அவசரத்தில் ஈரம் காயாத மரத்தில் செய்தார்கள். உயர்ந்த வறண்ட சமவெளிக்குப் போனதும் மரம் சுருங்கியது. ஆரக்கால் குடத்தில் ஆடியது, வட்டை (சக்கரத்தின் வெளிவட்ட மரம்) பிளந்தது. எருதுவண்டியிலும் இந்தச் சுருக்கம் உண்டு. இரும்புப் பட்டை தளர்ந்தால் இரவில் சக்கரத்தை ஆற்றில் ஊறப்போடுவார்கள். மறுநாள் காய்ந்ததும் பழையபடி தளர்ந்துவிடும். சரியான வைத்தியம், வட்டையின் மேல் மெல்லிய மரச்சீவல் அடித்து, பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்குவது. பல கைவண்டிகளில் இறுக்குவதற்கு இரும்புப் பட்டையே இல்லை, அச்சும் மரம். மணல் புகுந்து அச்சை அரைத்தது. வண்டி மை இல்லாமல் சோப்பையும் பன்றிக்கொழுப்பையும் தடவினார்கள். அதில் மணல் இன்னும் நன்றாக ஒட்டியது. பழைய பூட்ஸ் தோலை வெட்டி அச்சில் சுற்றினார்கள். நின்று நின்று பழுது பார்த்ததில் நாட்கள் போயின.

பழைய வின்டர் குவார்ட்டர்ஸ் இருந்த இடமான ஃபிளாரன்ஸ் வந்தபோது ஆகஸ்ட். இங்கேயே குளிர்காலத்தைக் கழிப்போம் என்று வில்லி கூட்டத்தைச் சேர்ந்த லீவை சாவேஜ் எழுந்து சொன்னார்; பெரும்பான்மை கேட்கவில்லை. வண்டிக்கு 98 பவுண்டு மாவு மூட்டை ஒன்றைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் மனத்தை அறுக்கிறது. இழுக்கத் தெம்பில்லாமல், அக்டோபர் 17 வாக்கில் மார்ட்டின் கூட்டத்தார் சுமையைத் தலைக்கு 10 பவுண்டாகக் குறைத்து, மிஞ்சிய துணியையும் போர்வையையும் எரித்தார்கள். இரண்டே நாள், அக்டோபர் 19-ஆம் தேதி பனிப்புயல். வட பிளாட்டை இடுப்பளவு நீரில் கடந்து ஈரத்தோடு கரையேறியவர்களுக்குப் போர்த்த எதுவுமில்லை. இவர்கள் இன்னும் வழியில் இருக்கும் செய்தியே அக்டோபர் தொடக்கத்தில்தான் பிரிகாம் யங்குக்குத் தெரிந்தது. உடனே மாவோடு வண்டிகளை எதிர்கொண்டு அனுப்பினார். அப்படியும் இரு கூட்டங்களிலும் சேர்த்துச் சுமார் 1,000 பேரில் 200-க்கு மேல் இறந்தார்கள். 1860 வரை இன்னும் ஐந்து கைவண்டிக் கூட்டங்கள் போயின. அவற்றில் இப்படிப்பட்ட சாவு இல்லை.

கேள்வி: பூர்வகுடிகள் தாக்கி எத்தனை பேர் இறந்தார்கள்?

பதில்: மிகக் குறைவு. கொன்றது பெரும்பாலும் காலரா, சீதபேதி, ஓடும் வண்டியிலிருந்து விழுந்த குழந்தைகள் மேல் ஏறிய சக்கரம்.

கேள்வி: பாதையின் தடம் இன்றும் தெரிகிறதா?

பதில்: 1869 மே 10-ஆம் தேதி யூட்டாவின் பிராமன்டரியில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் இணைந்ததும் வண்டிப் பயணம் முடிந்தது. அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில், வசந்தத்தில் யூட்டாவிலிருந்தே எருதுவண்டிகளைக் கிழக்கே அனுப்பி, வழியில் மாவை இறக்கி வைத்து, திரும்பும்போது ஆட்களை ஏற்றி வந்தார்கள். புதிதாக மாடு வாங்கும் செலவு மிச்சம்.

சமவெளியில் தடம் தேடுவது வீண். முன்வண்டியின் புழுதியைத் தின்ன யாரும் விரும்பாததால், இடம் இருந்தபோதெல்லாம் வண்டிகள் பக்கவாட்டில் பரவிப் போயின. வயோமிங்கில் கெர்ன்ஸி அருகே ஆறு ஒரு பக்கம், குன்று ஒரு பக்கம். ஆரிகன், கலிபோர்னியா போனவர்களும் மார்மன்களும் ஒரே இடத்தில்தான் ஏறியாக வேண்டும். அங்கே மணற்பாறை மென்மையானது. சக்கரங்கள் அறுத்த தடம் சில இடங்களில் ஐந்தடி ஆழம்.