கை பழகினால் பழகட்டும்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம். அழுதால் உடனே தூக்கிவிடுவேன். "கை பழகிடும், கொஞ்ச நேரம் அழட்டும், தானா அடங்கிடுவான்" என்கிறார் மாமியார். அவன் 'ங்கா' என்றால் நானும் 'ங்கா' என்று பதில் சொல்வதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். நான் செய்வது தப்பா, டாக்டர்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தப்பே இல்லையம்மா. தூக்குங்கள், பேசுங்கள்.

தானாக அடங்கிவிடுவான் என்பது உண்மைதான். எனக்குப் பயமே அதுதான். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது வார்டின் கடைசிக் கட்டிலில் ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்று கிடந்தது. தாய் நோயாளியாக வேறோர் ஊரில். குழந்தை அழவே அழாது. ஓடுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கும். ஊசி குத்தினால்கூடச் சின்ன முனகல்தான். "தங்கமான பிள்ளை" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருக்கிறேன். வேற்றுமுகம் தெரிகிற வயது அது. என்னைப் பார்த்து வீறிட்டிருக்க வேண்டிய குழந்தை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. இன்றும் அந்தக் கண்கள் மறக்கவில்லை.

ருமேனியாவில் 1989-ல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்த பிறகு அநாதை இல்லங்களுக்குள் போனவர்களைத் திடுக்கிட வைத்ததும் இந்த மௌனம்தான். வரிசையாகத் தொட்டில்கள், அழுகைச் சத்தம் இல்லை. அழுதால் யாரும் வருவதில்லை என்று அந்தப் பிஞ்சுகள் கற்றுக்கொண்டிருந்தன. பின்னாளில் அந்நாட்டுத் தலைநகர் புகாரெஸ்டில், சார்ல்ஸ் நெல்சன் என்ற அமெரிக்க மூளை ஆய்வாளரின் குழுவினர் அப்படிப்பட்ட 136 குழந்தைகளின் தலையில் தொப்பி போன்ற ஒன்றை மாட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைகளைவிட அலைகள் பலவீனமாக இருந்தன. குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களுக்கு, எட்டு வயதில் அந்த அலைகள் மற்றப் பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தன.

உங்கள் வீடு அநாதை இல்லம் அல்ல, பயப்படாதீர்கள். அடுப்பில் பால் பொங்குகிறது, அவன் இரண்டு நிமிடம் அழுகிறான் என்றால் ஒன்றும் கெட்டுவிடாது. எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் தாய்மார்களை முகத்தில் சலனமே இல்லாமல் குழந்தை முன் உட்காரச் சொல்லிப் பார்த்தார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாய் மறுபடி சிரித்துப் பேசினால், கொஞ்சம் சிணுங்கிவிட்டு ஒட்டிக்கொள்ளும். விட்ட இடத்தில் திரும்பவும் சேர்ந்துகொண்டால் போதும். நீங்கள் சொல்கிற அந்த 'ங்கா' அதைத்தான் செய்கிறது.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். பிள்ளையை அவர் மடியில் கொடுத்து, 'நண்டூறுது நரியூறுது' விளையாடச் சொல்லுங்கள். விரல்கள் அக்குளுக்குப் போகும் முன் ஒரு நொடி நிறுத்தச் சொல்லுங்கள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட்டி முகத்தையே பார்ப்பான்.