திகில் அறையில் பயம் எவ்வளவு இருக்கலாம்?

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் திகில் எஸ்கேப் ரூம் (பூட்டிய அறையில் புதிர்களை அவிழ்த்து வெளியே வரும் ஆட்டம்) போனோம். ஒரு மணி நேரமும் கும்மிருட்டு, ஓயாத அலறல். வெளியே வந்தபோது தலைவலிதான் மிச்சம். பயம் கூடினால் ஜாலியும் கூட வேண்டாமா?
– வாசகி, கோவை

அப்படிக் கூடிக்கொண்டே போகாது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பொழுதுபோக்குக்காக அமைத்த பேய் வீட்டுக்குள் போன 110 பேரின் இதயத் துடிப்பை அளந்து 2020-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ரொம்பப் பயந்தவர்களும் ரசிக்கவில்லை, பயமே வராதவர்களும் ரசிக்கவில்லை. நடுவில் இருந்தவர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

எஸ்கேப் ரூமில் இன்னொரு சிக்கல், பயந்துகொண்டே மூளையையும் ஓட்ட வேண்டும். நான்கு இலக்கப் பூட்டில் மூன்றாவது எண்ணைத் திருப்பும்போது காதருகே பேய் வேட நடிகர் ஒருவர் அலறினால், எண் மறந்துபோகும், வருவது எரிச்சல். அதே அலறல் பூட்டு 'க்ளிக்' என்று திறந்த மறுநொடி வந்தால் எல்லோரும் கத்திவிட்டுச் சிரிப்பார்கள். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் நல்லவராக இருந்தால், கேமராவில் பார்த்து அந்த நொடிக்காகக் காத்திருப்பார். ஓயாத சத்தமோ சீக்கிரமே காதுக்குப் பழகிவிடும். நடுவே அமைதி இருந்தால்தான் அடுத்த கதவுச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடும்.

எட்டுப் பேர் என்பதும் அதிகம். பாதிப் பேருக்கு வேலையிருக்காது, சும்மா நிற்பவருக்குப் பயமும் ஒட்டாது. நான்கு பேராகப் போங்கள். இருவருக்கு ஒரு டார்ச் கேளுங்கள். நடிகர்கள் தொடுவார்களா, 'போதும்' என்பதற்கு என்ன சொல் என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். நிறுத்த முடியும் என்று தெரிந்தவர்தான் துணிந்து பயப்படுவார்.

கேள்வி: கதவைப் பூட்டிவிடுகிறார்களே, ஆபத்தில்லையா?
– வாசகர், சென்னை

கேட்க வேண்டிய கேள்வி. போலந்தின் கோஷாலின் நகரில் 2019 ஜனவரியில் எஸ்கேப் ரூம் ஒன்றில் தீப்பிடித்து, வெளியேற முடியாமல் 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் இறந்தார்கள்.

காந்தப் பூட்டு கரண்ட் இருக்கும்வரைதான் பிடிக்கும். ஆனால் யுபிஎஸ்ஸில் இணைத்திருந்தால் கரண்ட் போனாலும் விடாது. ஆகவே, பூட்டுக்கான மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும் அவசரப் பொத்தான் கதவருகே உள்பக்கம் இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் நீங்களே அழுத்திப் பாருங்கள். சாவிப் பூட்டுப் போட்டு சாவியை வெளியே வைத்திருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: தம்பிக்கு வலிப்பு நோய் உண்டு. அழைத்துப் போகலாமா?
– வாசகி, மதுரை

முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரி என்றாலும், வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு உள்ள அறை வேண்டாம். சில இடங்களில் அதை மட்டும் அணைத்துத் தருவார்கள்.