நவம்பரில் பள்ளி மாற்றலாமா?

கேள்வி: தொண்டியில் இருக்கும் மீனவக் குடும்பம் நாங்கள். வாடைக்காற்று தொடங்கி இந்தப் பக்கக் கடல் கொந்தளிப்பதால் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம், வேதாளையில் என் தம்பி வீட்டருகே குடிபோகிறோம். மகன் ஏழாம் வகுப்பு, மகள் பத்தாம் வகுப்பு. இருவரும் அரசுப் பள்ளி. இப்போது போனால் சேர்த்துக்கொள்வார்களா? டி.சி. தாமதமானால்?

பதில்: மகனைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும், அம்மா. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை, ஆண்டின் நடுவில் வந்தாலும் அரசுப் பள்ளி இடம் மறுக்கக் கூடாது. கேட்டதும் டி.சி. தருவது பழைய தலைமையாசிரியரின் கடமை. அது தாமதமானாலும் சேர்க்கை நிற்கக் கூடாது. நடைமுறையில் சிக்குவது எமிஸ்தான், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவு. பழைய பள்ளி அவன் பெயரை அதில் விடுவித்தால்தான் புதிய பள்ளி ஏற்ற முடியும். டி.சி. வாங்கும்போதே "எமிஸ்ல விடுவிச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டு, அவன் எமிஸ் எண்ணையும் எழுதி வாங்குங்கள். இழுத்தடித்தால் பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417-க்குப் பேசுங்கள்.

இரண்டாம் பருவப் புத்தகம் அங்கும் அதேதான். கையோடு கொண்டுபோகட்டும்.

"வீடு ஒழுங்கானதும் சேர்க்கலாம்" என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பள்ளி இல்லாமல் கரையில் நிற்கும் பையன் வலை வேலைக்குப் பழகிவிடுவான். பிறகு திரும்புவது கஷ்டம். நடுவில் வந்து சேரும் பிள்ளைகளுக்குப் பாடத்தைவிடச் சாப்பாட்டு நேரம்தான் பெரிய பயம்: யாரோடு உட்காருவது? உங்கள் தம்பி பிள்ளைகள் அதே பள்ளியில் படித்தால் முதல் நாள் கூடவே போகச் சொல்லுங்கள். வகுப்பாசிரியரையும் நேரில் பார்த்து நிலைமையைச் சொல்லிவிடுங்கள்.

மகளை இப்போது மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு பத்தாம் வகுப்புக்கு இல்லை. பொதுத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாராகும் காலம் இது. அறிவியலில் செய்முறைக்கு மட்டும் 25 மதிப்பெண். அந்த நோட்டும் அவளை அறிந்த ஆசிரியரும் தொண்டியில்தான். பாட்டியோ சித்தியோ ஊரில் இருந்தால் தேர்வு முடியும்வரை அங்கே விடுங்கள். சனி, ஞாயிறு வந்துபோகட்டும். ஆனால் முடிவெடுத்துவிட்டு அவளிடம் அறிவிக்காதீர்கள், முதலில் அவளைக் கேளுங்கள். பிரிந்திருக்க முடியாது என்று அழுதால், எதுவும் செய்யுமுன் இரண்டு பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் பெயர்ப்பட்டியல் பற்றிப் பேசிவிடுங்கள்.

காற்று மாறியதும் தொண்டிக்குத் திரும்புவதாக இருந்தாலும், மகன் ஆண்டுத் தேர்வை வேதாளையிலேயே எழுதட்டும். ஒரே ஆண்டில் இரண்டு மாற்றம் அவனுக்கு வேண்டாம்.