வயர்மேனாக வேலை பார்ப்பவர் கேட் (CAD, கணினியில் வரைபடம் வரையும்) மென்பொருளில் மின்சுற்று வரைபடம் வரையக் கற்றுக்கொள்ள முடியுமா?

நீங்கள் கேட்டது: "ஐடிஐ எலெக்ட்ரீஷியன் முடித்துப் பத்து வருடமாகப் பேனல் போர்டு வயரிங் செய்கிறேன். கணினி அதிகம் தெரியாது. கேட் மென்பொருளில் சர்க்யூட் டிராயிங் போடக் கற்க எவ்வளவு நாளாகும்? எந்த மென்பொருள் நல்லது? கோர்ஸில் சேரலாமா?"

முடியும். நானும் ஐடிஐதான். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பேனல் (மோட்டாரை இயக்கும் மின் கட்டுப்பாட்டுப் பெட்டி) பட்டறையில் ஃபெரூல், அதாவது வயர் முனையில் மாட்டும் எண் வளையம், கோர்க்கச் சேர்ந்தவள், இன்று டிராயிங் மட்டுமே போடுகிறேன். உங்கள் கேள்விக்கு வந்த மற்ற பதில்களில் "முதலில் பிஇ படியுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். இன்ஜினியர்கள் கோபப்பட வேண்டாம். லோடு கணக்கு, ஷார்ட் சர்க்யூட் கணக்கு, கேபிள் அளவு, பஸ்பார் அளவு இவையெல்லாம் படித்தவர் செய்ய வேண்டிய வேலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இவர் கேட்பது வரையக் கற்பதைப் பற்றி. பத்து வருடம் வயரிங் செய்தவருக்கு அதில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

உங்களுக்கு இப்போது முப்பதுக்கு மேல் ஆகியிருக்கும். பகலில் நின்றுகொண்டே வேலை, ராத்திரி எட்டு மணிக்கு வீடு. வீட்டில் பிள்ளைக்காக வாங்கிய லேப்டாப் ஒன்று இருக்கலாம். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் பட்ட இரண்டு அடிகளில்தான் உங்களுக்கு வேண்டிய பதில் இருக்கிறது.

2013 வாக்கில் எங்கள் பட்டறையில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று நின்றுவிட்டார். கணினி இருந்தது, ஆட்டோகேட் இருந்தது, ஆள் இல்லை. மூன்று மாதம் ஆட்டோகேட் கோர்ஸ் போனவள் என்பதால் என்னை உட்கார வைத்தார்கள். அந்தக் கோர்ஸைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். என்ன வேலைக்காகக் கற்க வந்தாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே பாடம்தான். ஃபிளாஞ்ச் வரை, இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் பிளான் வரை, சான்றிதழ் வாங்கிக்கொள். அப்பா சீட்டு எடுத்துக் கட்டிய பணம் அது. லைன், டிரிம், ஆஃப்செட் எல்லாம் வந்தது. ஒரு கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் மின்காந்த ஸ்விட்ச்) காயிலையும், காயில் இழுத்தால் மூடித் திறக்கும் அதன் காண்டாக்டையும் தாளில் எப்படிப் பிரித்து வைப்பது என்று ஒரு நாள்கூட யாரும் சொல்லித்தரவில்லை.

முதலில் வந்தது ஒரு பம்பு மோட்டாருக்கான ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர், அதாவது மோட்டாரை ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது. உங்களுக்குத் தெரிந்ததுதான்: மெயின், டெல்டா, ஸ்டார் என்று மூன்று கான்டாக்டர், ஒரு டைமர், மோட்டார் அதிக மின்சாரம் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலே ஒன்று. ஸ்டாரும் டெல்டாவும் சேர்ந்து இழுத்துவிட்டால் மூன்று பேஸும் ஷார்ட். அதனால் ஒன்றின் என்சி (காயில் இழுக்காதபோது மூடியிருக்கும் காண்டாக்ட், என்ஓ அதற்கு நேர்மாறு) வழியாகத்தான் மற்றதன் காயிலுக்கு சப்ளை போக வேண்டும். இது எனக்கும் தெரியும். பயத்தில் டெல்டா கான்டாக்டரின் என்சியை ஸ்டார் காயிலுக்கு முன்னால் ஒன்று, டைமருக்கு முன்னால் ஒன்று, ஸ்டாரில் ஓடுகிறது என்று காட்டும் விளக்குக்கு ஒன்று என மூன்று இடத்தில் போட்டேன். தாளில் பார்க்க அழகாக இருந்தது. பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன்.

மதியம் ஃபோர்மேன் அண்ணன் தாளோடு வந்து நின்றார். "அம்மிணி, டெல்டாவுல இருக்கறது ஒரு என்ஓ, ஒரு என்சி. மீதி ரெண்டு என்சி எங்க இருக்குதுன்னு நீயே வந்து காட்டு" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. பேனலில் கை வைத்த நாட்களில் இந்தத் தப்பை நான் செய்திருக்கவே மாட்டேன். திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் பொருளை மறந்து கோட்டை மட்டும் பார்த்திருக்கிறேன். அவர் திட்டவில்லை. பென்சிலை எடுத்து, டைமரையும் ஸ்டார் காயிலையும் ஒரே என்சிக்குக் கீழே கொண்டுவந்தார். விளக்கை ஸ்டார் காயிலுக்குப் பேரலலாகப் போட்டார். என்ஓவை டெல்டா தன்னைத் தானே பிடித்துக்கொள்ள விட்டார். இருந்த ஒரு என்ஓவும் ஒரு என்சியும் சரியாகப் போதுமானதாகிவிட்டது. கூடுதல் காண்டாக்டுக்காக ஆக்ஸிலரி பிளாக் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பென்சில் கோடு போட்ட தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டாவது அடி பெரியது. இரண்டு பம்புகளுக்கு ஒரே பேனல். முதல் பம்பின் கன்ட்ரோல் சர்க்யூட்டை வரைந்து முடித்து, அதை அப்படியே காப்பி எடுத்துப் பக்கத்தில் ஒட்டி, கான்டாக்டர் பெயர்களை மட்டும் மாற்றினேன். வயர் நம்பரை மாற்ற விட்டுப்போயிற்று. வயர்மேன் என்ன செய்வார்? ஏழு என்று ஃபெரூல் போட்ட வயர் எத்தனை இருந்தாலும் அத்தனையும் ஒரே முனை என்றுதானே எடுத்துக்கொள்வார்? இரண்டு ஏழையும் டெர்மினலில் லிங்க் போட்டுச் சேர்த்துவிட்டார். டெஸ்டிங்கில் முதல் பம்பின் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் இரண்டு பம்பின் கான்டாக்டரும் டக்கென்று இழுத்தன. மோட்டார் இணைக்காமல் பட்டறையிலேயே டெஸ்ட் செய்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சைட்டில் பம்பில் ஒருவர் கை வைத்துக்கொண்டிருக்கும்போது இது நடந்திருந்தால் என்ற நினைப்பில் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே முதல் மோட்டாருக்கு 101, 102, இரண்டாவதற்கு 201, 202 என்று ஆரம்பிக்கும்படி எல்லா எண்களையும் மாற்றினேன். இன்றுவரை அப்படித்தான்.

இப்போது உங்கள் மென்பொருள் கேள்விக்கு வருகிறேன். வெறும் ஆட்டோகேடில் கோடு என்பது கோடு மட்டும்தான். அது வயரா, பெட்டியின் ஓரமா என்று அதற்குத் தெரியாது. நான் செய்த இரண்டு தப்பையும் அது ஒரு வார்த்தை சொல்லாமல் பிரின்ட் போட்டுக் கொடுத்தது. (வெறும் ஆட்டோகேடிலேயே இருபது வருடமாகப் பிசகில்லாமல் வரைபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் மனக்கண்ணில் சரிபார்க்கிறார்கள், புதிதாக வருபவரால் அது முடியாது.)

2016இல் வேறு கம்பெனிக்குப் போனபோது ஆட்டோகேட் எலெக்ட்ரிகல் கையில் கிடைத்தது. அதில் வயருக்கென்று தனி லேயர். அந்த லேயரில் இருக்கும் கோட்டைத்தான் அது வயராக எடுத்துக்கொள்ளும். வயர் மேல் புஷ் பட்டன் குறியீட்டை வைத்தால் வயரைத் தானே வெட்டி இடம் விடும். காயிலுக்கு கே1 என்று பெயர் வைத்து, காண்டாக்ட் போடும்போது "இது கே1உடையது" என்று காட்டிவிட்டால், காயிலுக்கு அருகிலேயே எந்தத் தாளில், எந்த இடத்தில் அந்தக் காண்டாக்ட் இருக்கிறது என்று தானே எழுதிக்கொள்ளும். கான்டாக்டரின் மாடலைக் கேட்டலாக்கில் இருந்து தேர்ந்தெடுத்து, அதற்குரிய முனை எண் (பின்) விவரமும் அதில் இருந்தால் 13-14, 21-22 என்று எண்களும் வரிசையாக விழும், தீர்ந்துபோனால் தெரிந்துவிடும். அதாவது ஃபோர்மேன் அண்ணன் மதியம் வந்து கேட்ட கேள்வியை இது வரையும்போதே கேட்டுவிடுகிறது.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண காப்பி கமாண்டால் காப்பி எடுத்தால் பெயர்கள் இரட்டையாகும். காப்பி சர்க்யூட் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் புதுப் பெயர் வைக்கும். எதற்கும் பிரின்ட் போடுமுன் எலெக்ட்ரிகல் ஆடிட்டை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், இரட்டைப் பெயர், இரட்டை வயர் நம்பர் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் காட்டும். இன்னொன்று ஸ்நாப், கர்சர் கட்டப் புள்ளிகளில் மட்டும் போய் ஒட்டும் வசதி. எஃப்9 அழுத்தி அதைப் போட்டு வைத்தே வரையுங்கள். ஸ்நாப் இல்லாமல் கண் மதிப்பில் வயரை இழுத்தால் திரையில் தொட்ட மாதிரி இருக்கும், உண்மையில் மயிரிழை விலகியிருக்கும். வயர் நம்பர் அங்கே அறுந்து வேறு எண் விழும், காரணம் கண்ணுக்கே தெரியாது. நான் இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேடியிருக்கிறேன்.

ஆட்டோகேட் எலெக்ட்ரிகல் விலை கொடுத்து வாங்குவது நமக்கு ஆகாது. கொஞ்ச நாள் டிரையல் கிடைக்கும், ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே கற்பவருக்கு அது ஓடிவிடும். அதனால் கியூஎலெக்ட்ரோடெக்கில் ஆரம்பியுங்கள் என்பேன். முழுவதும் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், பழைய லேப்டாப்பும் தாங்கும். குறியீட்டை நகர்த்தினால் வயரும் கூடவே வரும். காயிலுக்கும் காண்டாக்டுக்கும் உறவு வைக்கலாம். தாளின் மூலையில் பெயர், தேதி போடும் டைட்டில் பிளாக்கும் உண்டு. பெரிய கம்பெனிகள் அதைக் கேட்கமாட்டார்கள், உண்மைதான். ஆனால் இதில் பழகியது அங்கே போனால் வீணாகாது. மெனுக்கள் மாறும், பொருள் மாறாது. நான் பின்னால் இப்ளான் என்ற மின்வரைபட மென்பொருளுக்குப் போனபோது இரண்டு வாரத்தில் கை வந்துவிட்டது.

கிகேடைச் சிலர் சொல்வார்கள். அருமையான மென்பொருள், இலவசமும்கூட, ஆனால் அது எலெக்ட்ரானிக்ஸ் சர்க்யூட் போர்டு செய்பவர்களுக்கானது. பேனலுக்கு வேண்டிய டெர்மினல் பட்டியலை அதில் தேடி நேரத்தை விடாதீர்கள்.

எவ்வளவு நாள் என்றால், தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் ஒரு ஸ்டார் டெல்டா பேனலை முழுதாக வரைவீர்கள். மவுஸ் பிடிக்கவே கை நடுங்கினால் ஒரு மாதம் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோர்ஸில் சேர்வதானால் பணம் கட்டுமுன், "ஒரு மோட்டார் ஸ்டார்ட்டரின் கன்ட்ரோல் சர்க்யூட்டை இங்கே வரையச் சொல்லித்தருவீர்களா?" என்று கேளுங்கள். அவர்கள் போட்ட டிராயிங் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பல வருடமாக மனதில் கிடப்பது. டிராயிங் தாளின் வலது கீழ்மூலையில் "வரைந்தவர்", "சரிபார்த்தவர்" என்று கட்டங்கள் இருக்கும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நான்கு வருடம் நான் போட்ட ஒவ்வொரு தாளிலும் "வரைந்தவர்" கட்டத்தில் இன்னொருவர் பெயர் இருந்தது. கேட்டேன். "ஐடிஐன்னு தெரிஞ்சா கன்சல்டன்ட் ஆயிரம் கேள்வி கேட்பாரும்மா" என்று பதில் வந்தது. ஆனால் தப்பு என்று சைட்டிலிருந்து போன் வந்தால் மட்டும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை பிரேக்டவுனுக்கு ஒரு மில்லுக்குப் போயிருந்தேன். அங்கிருந்த எலெக்ட்ரீஷியன் பேனல் கதவின் பையிலிருந்து என் தாளை எடுத்து விரித்து, "இந்த டிராயிங் இருக்கறதாலதாங்க ராத்திரியில ஃபால்ட் கண்டுபிடிக்கறோம், போட்டவரு நல்லா போட்டிருக்காரு" என்றார். அதைப் போட்டது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் கட்டத்தில் இருந்த பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வேலை விளம்பரங்களும் இப்படித்தான். டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு "பிஇ கட்டாயம்" என்று போடுகிறார்கள். ஃபெரூலைக் கையில் தொட்டிருக்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை. உங்களுக்கும் இது நடக்கும், அதனால் போட்ட தாளின் பிரதியைத் தேதியோடு, கம்பெனி அனுமதித்தால், நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கும் இடத்தில் என் பெயர்தான் வருகிறது. இங்கே சேரும் முன் நான் கேட்ட முதல் நிபந்தனை அது, சம்பளத்தை அதற்குப் பிறகுதான் பேசினேன்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? ஸ்டார் டெல்டாவுக்குப் போகாதீர்கள். மோட்டாரை நேரடியாக லைனில் கிளப்பும் ஒரு டிஓஎல் ஸ்டார்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள், பட்டறையில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வயர் செய்வதுதான். முதலில் பேப்பரில் பென்சிலால் போடுங்கள். பவர் சர்க்யூட் ஒரு பக்கம், கன்ட்ரோல் இன்னொரு பக்கம். ஓவர்லோடின் 95-96, ஸ்டாப் பட்டன், ஸ்டார்ட் பட்டன், அதற்குப் பேரலலாகக் கான்டாக்டரின் 13-14, கடைசியில் காயிலின் ஏ1, ஏ2. பொருளின் மேல் என்ன எண் அச்சாகியிருக்கிறதோ அதே எண்ணைத் தாளிலும் எழுதுங்கள், கான்டாக்டரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதுங்கள். குறியீடுகளுக்கு ஐஇசி என்ற சர்வதேச முறையையே பிடித்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் அமெரிக்க முறைக் குறியீடுகளும் இருக்கும், இரண்டையும் ஒரே தாளில் கலந்துவிட்டால் படிப்பவர் தடுமாறுவார்.

அப்புறம் அதையே மென்பொருளில் போட்டு ஏ3 தாளில் பிரின்ட் எடுத்து, உங்கள் பக்கத்து மேஜையில் இருக்கும் வயர்மேனிடம் கொடுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, தள்ளி நின்று பாருங்கள். எங்கெல்லாம் அவர் தாளைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வருகிறாரோ அங்கெல்லாம் சிவப்புப் பேனாவில் குறித்துக்கொண்டு, ராத்திரி வீட்டில் அதைத் திருத்துங்கள். அவர் ஒருமுறைகூட உங்களிடம் வராமல் பேனலை முடித்துவிட்டால், மறுநாள் ஸ்டார் டெல்டாவை ஆரம்பிக்கலாம்.