மாப்பிள்ளை வாங்கப்போகும் பஸ்

அன்புள்ள அக்கா,

உங்கள் பயணக் கட்டுரைகளை விடாமல் படிப்பவன் நான். நீங்களும் உங்கள் கணவரும் அமெரிக்காவில் சில வருடங்கள் பழைய ஸ்கூல் பஸ் ஒன்றை வீடாக்கிக் குடியிருந்ததாக ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அன்றைக்குச் சிரித்துவிட்டுக் கடந்துபோனேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

என் தங்கை ஒஹாயோவில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ஐடி வேலை, ஹெச்1பி விசா. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஏலத்தில் ஒரு மஞ்சள் பஸ்ஸை எடுத்து அதில் குடியிருக்கப் போவதாகக் கிளம்பியிருக்கிறார். எல்லாம் யூடியூப் பார்த்து வந்த வினை. தங்கைக்கும் பாதி ஆசை இருக்கிறது போலத் தெரிகிறது. "வீடு வாசல் இல்லாதவனுக்கா பெண்ணைக் கொடுத்தோம்" என்று அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இங்கே ஒரு வீடு கட்டி முடிப்பதற்குள் எங்களுக்குப் பாதி ஆயுள் போய்விடுகிறது. இருக்கிறவர்கள் இல்லாதவர்களைப் போல வாழ்ந்து பார்க்கும் விளையாட்டோ என்று எனக்குக் கோபம் வேறு வருகிறது. அப்படி என்னதான் சந்தோஷம் அதில்? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

எஸ்.
பொள்ளாச்சி

அன்புள்ள எஸ்.,

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். பஸ் வாங்கப்போகிறேன் என்று கிளம்பியவர்களில் நிறையப் பேர் வீடியோ பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகை கட்ட முடியாமல் காரிலும் வேனிலும் தூங்குகிறவர்கள் அமெரிக்காவில் நிறைய இருக்கிறார்கள். ராத்திரி கடைகளின் பார்க்கிங்கில் எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்ற வண்டிகளில் பல அவர்களுடையவை. எங்களுக்கு வங்கியில் பணம் இருந்தது. வேண்டாம் என்று தோன்றிய அன்றைக்கே ஒரு வீட்டைப் பிடித்துவிட முடியும். இரண்டையும் ஒரே "நாடோடி வாழ்க்கை" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான். ஆகவே நான் சொல்லப்போவது விரும்பிப் போனவர்களின் சந்தோஷம் மட்டும்.

யூடியூப்பைத் திட்ட வேண்டாம், இது அதற்கு ரொம்ப முந்தியது. கென் கீசி என்ற அமெரிக்க எழுத்தாளரும் அவருடைய ஹிப்பி நண்பர்களும் 1964-ல் கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க்குக்கு வண்ணம் பூசிக்கொண்டு போன பஸ் 1939-ஆம் வருடத்து இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஸ்கூல் பஸ். அவர் வாங்கும்போதே அதில் படுக்கையும் சமையலிடமும் இருந்தன. முந்தைய சொந்தக்காரர் தன் பெரிய குடும்பத்துக்காகச் செய்துவைத்தது. ஆக, ஹிப்பிகளுக்கு முன்பே ஒரு குடும்பஸ்தர் இந்த வேலையைப் பார்த்திருக்கிறார். (இதை அம்மாவிடம் சொல்லலாம்.) பிறகு 1970-ல் ஸ்டீபன் காஸ்கின் என்பவரோடு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பழைய பஸ்களில் ஊர்வலமாகக் கிளம்பியவர்கள் 1971-ல் டென்னசி மாநிலத்தின் சம்மர்டவுனில் நிலம் வாங்கி "தி ஃபார்ம்" என்ற குடியிருப்பை ஆரம்பித்தார்கள். வீடுகள் எழும்புகிறவரை அந்த பஸ்களிலும் கூடாரங்களிலும்தான் வாசம். இப்போது இப்படி மாற்றிய பஸ்களை ஸ்கூலி என்கிறார்கள்.

சரி, குடியிருக்க என்றே கட்டிய வண்டிகள் அங்கே வரிசையாக விற்கும்போது எதற்கு ஸ்கூல் பஸ்? என்னைக் கேட்டால் சந்தோஷத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றின் சுவர் மெல்லிய தகடும் மரச்சட்டமும். ஸ்கூல் பஸ்ஸோ குழந்தைகளை மனதில் வைத்துக் கட்டியது. 1977-ல் அமலுக்கு வந்த கூட்டாட்சி விதிப்படி, பஸ்ஸின் வெற்று எடையைப் போல ஒன்றரை மடங்கை அதன் கூரைமேல் அழுத்தினாலும் 13 சென்டிமீட்டருக்கு மேல் அமுங்கக் கூடாது. அமுங்கிய நிலையிலும் அவசரக் கதவு திறக்க வேண்டும். அதற்காக ஒரு பக்கத்துத் தரையிலிருந்து கூரை வழியாக மறுபக்கம் வரை முழு இரும்பு வளைவுகளை ஜன்னலுக்கு ஒன்றாக நிறுத்தியிருக்கிறார்கள். உள்தகட்டைக் கழற்றினால்தான் அவை கண்ணுக்குத் தெரியும். வண்டி கவிழ்ந்தாலும் பிள்ளைகள் பிழைக்க வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டுச் செய்த வேலை. அப்படிப்பட்ட வண்டியை, பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள் பன்னிரண்டு, பதினைந்து வருடத்தில் வயதாகிவிட்டது என்று ஏலம் விடுகின்றன. நன்றாக ஓடுகிற பஸ் சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். அதை வீடாக்கும் செலவு விலையைப் போலப் பல மடங்கு போகும் என்பதை வீடியோக்காரர்கள் கடைசி நிமிடத்தில்தான் சொல்வார்கள்.

அந்த மஞ்சளுக்கும் ஒரு கதை உண்டு. ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர் 1939-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். அதுவரை மாநிலத்துக்கு ஒரு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த பஸ்களுக்கு அங்கேதான் பொது அளவுகளையும், கறுப்பு எழுத்து விடியல் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும் இந்த மஞ்சளையும் முடிவு செய்தார்கள். பள்ளிக்கு ஓடாத வண்டிக்கு அந்த நிறம் பல மாநிலங்களில் கூடாது. சிவப்பு விளக்கு, நீட்டும் ஸ்டாப் பலகை, முன்னும் பின்னும் எழுதிய ஸ்கூல் பஸ் என்ற எழுத்து, எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். நாங்கள் பக்கவாட்டில் இளம்பச்சையும் கூரையில் வெள்ளையும் அடித்தோம். வெள்ளைக் கூரை அழகுக்காக இல்லை, வெயிலுக்கு.

பிரிப்பதிலேயே சந்தோஷம் ஆரம்பித்துவிடும். இருக்கையின் போல்ட்டுகள் தரையைத் துளைத்துக் கீழே போகும். கீழே ஒருவர் படுத்து நட்டைப் பிடிக்க, மேலே ஒருவர் திருக வேண்டும். துருப்பிடித்தவை அசையாது, கட்டிங் மெஷினால் அறுக்க வேண்டியதுதான். ஹீட்டருக்குப் பின்னால் பென்சில் துண்டுகள், தலைக்கிளிப்புகள், யாரோ அம்மாவுக்குக் காட்டாமல் கசக்கிப் போட்ட மார்க் தாள். ரப்பர் விரிப்பையும் அதன் கீழே கறுத்துப்போன ஒட்டுப்பலகையையும் பெயர்த்தால் தகட்டுத் தரை. துருவைச் சுரண்டி, மருந்து அடித்து, பெயிண்ட் அடித்து, அதற்கப்புறம்தான் வீடு. இந்த வேலையெல்லாம் முடியும்போது வண்டியில் எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். நாங்கள் குடியிருந்த எந்த வீட்டைப் பற்றியும் எனக்கு அவ்வளவு தெரிந்ததில்லை.

உள்ளே ஏழரை அடி அகலம். நாற்பதடி பஸ் என்றால் ஓட்டுநர் இடம் போக முப்பதடிக்குச் சற்று மேல் நீளம், சுமார் 230 சதுர அடி வரும். இதில் அதிசயம் ஜன்னல். நம் பஸ் ஜன்னல் மாதிரி இல்லை, மேல் பாதி மட்டும் இறங்கும். இரண்டு ஓரத்திலும் உள்ள கொக்கிகளை இரண்டு கட்டைவிரலாலும் ஒரே சமயத்தில் அழுத்தி இழுக்க வேண்டும். ஒன்று முந்திக்கொண்டால் கோணிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். குளிர் உள்ளே வரும் என்று பாதி ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்துவிடும்படி எல்லோரும் யோசனை சொல்வார்கள். நாங்கள் படுக்கைப் பக்கம் மட்டும் அடைத்தோம். சமையல் மேடைக்கு மேலே வரிசையாக நாலு ஜன்னல். வெங்காயம் வதக்கும்போது ஒரு வாரம் பாலைவனம் தெரிந்தது, அடுத்த வாரம் பைன் மரம்.

மற்ற சந்தோஷமெல்லாம் சின்னச் சின்னது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கடியில் லித்தியம் பேட்டரி. பேட்டரி எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் அன்றைய சமையல். சட்னி அரைப்பது மதியம்தான், மிக்ஸி இழுக்கிற கரண்ட்டை வெயில் அந்த நேரத்தில்தான் ஈடுகட்டும். அடியில் நூறு கேலன் தொட்டி, அதாவது சுமார் 380 லிட்டர் தண்ணீர். இரண்டு பேர் சிக்கனமாக இருந்தால் பத்து நாளைக்குக் காணும். பிளஷ் கிடையாது, உலர் கழிப்பறை. சிறுநீர் தனியாகப் போய்விடும், மற்றது காயர் பித்தோடு, அதாவது தென்னை நார்த்தூளோடு கலக்கும், நாற்றம் இருக்காது. நாங்கள் வாங்கிய பித் கட்டி உங்கள் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தே கப்பலேறி வந்ததாக இருக்கலாம்.

ஓட்டுவதில் பெரிய இன்பம் என்று நினைத்துவிடாதீர்கள். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல பஸ். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருந்தோம். மேற்கு மாநிலங்களில் கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறைக்குப் பெரும் பரப்புகள் உண்டு. பெரும்பாலான இடங்களில் 28 நாளுக்குள் 14 நாள் வரை ஒரே இடத்தில் காசில்லாமல் தங்கலாம். அப்புறம் தள்ளிப் போக வேண்டும். குளிர்காலத்துக்கு அரிசோனாவில் குவார்ட்சைட் என்ற ஊர். அங்கே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சீட்டு வாங்கிக்கொண்டு சீசன் முழுக்க இருக்கலாம். பொட்டல் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கில் வண்டிகள். ஓய்வுபெற்ற செவிலியர்கள், தச்சர்கள், ராணுவத்திலிருந்து வந்தவர்கள். ஒருவருக்கு இன்வெர்ட்டர் மக்கர் செய்தால் நாலு பேர் கருவிப் பெட்டியோடு வந்து நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வெயில் ஏறியதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு, ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடுவோம். ஒரே நாளில் கோடையிலிருந்து தப்பிவிடலாம்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. இரும்புப் பெட்டி ஆகையால் குளிரில் மூச்சுக்காற்றே தகட்டில் வேர்த்துத் தலையணையில் சொட்டும். இன்சூரன்ஸ் எடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு இடமில்லை என்று சில கேம்ப் மைதானங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரண்டு பேரில் ஒருவர் கோபித்துக்கொண்டால் போவதற்கு இன்னொரு அறை கிடையாது, இறங்கி நடக்க வேண்டியதுதான். என் கணவருக்கு அந்த வருடங்களில் உடம்பு நன்றாக இளைத்தது.

இனி உங்கள் மாப்பிள்ளை விஷயம். பஸ்ஸைவிட எனக்கு அவருடைய விசாதான் கவலையாக இருக்கிறது. ஹெச்1பியில் வேலை செய்யும் இடமும் நிறுவனம் போடும் விசா மனுவில் ஒரு பகுதி. வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும் அந்த வீடு வேறு நகர வட்டாரத்துக்கு மாறினால் நிறுவனம் பொதுவாகத் திருத்திய மனு போட்டாக வேண்டும். குடியிருக்கும் முகவரி மாறினால் பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். மாசத்துக்கு இரண்டு முறை இடம் மாறுகிற ஆளுக்கு இது சரிப்பட்டு வராது. வாங்குவதென்றால் இப்போதைக்கு வாடகை வீட்டை வைத்துக்கொண்டே வாங்கட்டும். பிரித்துக் கட்டவே ஒரு வருடம், இரண்டு வருடம் போகும், விடுமுறைக்கு அதில் போய் வரட்டும். கிரீன் கார்டு வந்த பிறகு குடியேறுவதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். நான் சொல்வது பொதுவான விதி, முடிவெடுக்கும் முன் அவர் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

அப்புறம், பக்கத்தில் கிடைக்கிறது என்று ஒஹாயோ பஸ்ஸையே எடுத்துவிட வேண்டாம். பனிக்காலத்தில் அங்கே சாலையில் உப்புக் கொட்டுவார்கள், அது வண்டியின் அடிப்பாகத்தை அரித்துத் தின்றுவிடும். தெற்கிலோ மேற்கிலோ ஓடிய பஸ்ஸாகப் பார்க்கட்டும். எதுவானாலும் அடியில் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். சுமையோடு சேர்த்து 26,000 பவுண்டுக்கு மேல் எடை குறித்திருக்கும் பஸ்ஸுக்குச் சில மாநிலங்களில் லைசன்ஸ் வகையே வேறு, அதையும் விசாரிக்கட்டும்.

சோதனை ஓட்டத்துக்குத் தங்கையும் கூடப் போகட்டும், கொஞ்ச தூரம் ஓட்டியும் பார்க்கட்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் பத்தடி போல உடம்பு நீண்டிருக்கும். வலது பக்கம் ஒடித்தால் வால் இடது பக்கம் வீசும், அது கண்ணாடியில் பார்த்துப் பழக வேண்டிய விஷயம். பாத்ரூம் எங்கே, எவ்வளவு பெரியது என்பதை மட்டும் தங்கையே முடிவு செய்யட்டும். பஸ் வாங்கும் மாப்பிள்ளைகள் வரைகிற பிளானில் சைக்கிள் மாட்டும் இடத்துக்கு அப்புறம்தான் அது வருகிறது.

அன்புடன்,
அக்கா