துயரமான நேரத்தில் பறவைகளின் குரல் ஆறுதல் தருவது ஏன்?

மனம் நொந்திருக்கும்போது பறவைச் சத்தம் ஆறுதல் தருவது உண்மையா, வெறும் பிரமையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரமை இல்லை. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 295 பேருக்கு ஆறு நிமிட ஒலிப்பதிவுகளைக் கொடுத்துச் சோதித்து, முடிவை 2022-இல் வெளியிட்டார்கள். பறவை ஒலி கேட்டவர்களுக்குப் பதற்றமும் வீண் சந்தேகமும் குறைந்தன. வாகன இரைச்சல் கேட்டவர்களுக்கோ மனச்சோர்வு கூடியது. அதே ஆண்டு வெளிவந்த லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வு, மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் இந்தப் பலன் உண்டு என்றது.

காரணம்? வேட்டை விலங்கோ பருந்தோ அருகில் வந்தால் பாட்டு நின்றுவிடும். ஆகவே பாட்டு கேட்கிறது என்றால் ஆபத்து இல்லை என்று நம் மூளை ஆதியிலேயே பழகியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது. (பறவை நமக்காகப் பாடவில்லை, அதற்கு எல்லைத் தகராறும் துணை தேடலும்தான் கவலை.)

தூக்கம் பிடிக்காமல் புரளும் விடியற்காலையே இதற்கு நல்ல நேரம். ஒரு குரலை மட்டும் பின்தொடருங்கள். குயிலை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கூவலிலும் சுருதியை ஏற்றிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்தும். அடுத்த கூவலுக்குக் காது காத்திருக்கும் அந்த இடைவெளியில் கவலை கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். சுற்றிலும் மரமே இல்லையென்றால் ஒலிப்பதிவு போதும். முதலில் சொன்ன ஆய்வே ஒலிப்பதிவில் நடந்ததுதான். வாரக்கணக்கில் சோர்வு விலகவில்லையென்றால் மட்டும் மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.