தூள் சரியில்லை என்றால் மெஷின் என்ன செய்யும்?

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் வீட்டுக்கு எஸ்பிரெசோ மெஷின் வாங்கினேன். பெட்டியில் 15 பார் (அழுத்தத்தின் அளவு) என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. வழக்கமாக வாங்கும் 80-20 காபித்தூளைத்தான் போடுகிறேன். ஒரு நாள் தண்ணீராக ஓடுகிறது, ஒரு நாள் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசக்கிறது. தூளை அழுத்தும் டேம்பர், கிளறும் ஊசிக் கருவி, சமன் செய்யும் லெவலர் எல்லாம் சேர்ந்த 'பாரிஸ்டா கிட்' ஆன்லைனில் கிடைக்கிறதாம். வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் தூளை மாற்றுங்கள். 80-20 என்றால் ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி. வறுத்து அரைத்த அந்த வேர் தண்ணீர் பட்டதும் ஊறி உப்பும், பசைபோல ஒட்டும். பித்தளை பில்டரில் வெந்நீர் தன் பாரத்தில் மெதுவாக இறங்குவதால் அங்கே அது டிகாக்‌ஷனுக்குக் கெட்டியும் நிறமும் தரும். அழுத்தத்தில் வேலை செய்யும் மெஷினில் அதுவே அடைப்பாகிவிடும். உங்கள் 'சொட்டுச் சொட்டு' நாட்களுக்கு இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பாக்கெட்டில் காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும் விதி. நீங்கள் வாங்க வேண்டியது சிக்கரி இல்லாத சுத்த காபி.

அந்த 15 பார் சமாசாரத்தை மறந்துவிடுங்கள். அது பம்பு தள்ளக்கூடிய உச்ச அளவு. எஸ்பிரெசோ இறங்க ஏறத்தாழ 9 பார் போதும்.

அடுத்து, தூள் போடும் சல்லடைக் கிண்ணத்தைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒரே ஒரு பொட்டுத் துளை மட்டும் இருந்தால் அது இரட்டைச் சுவர் கிண்ணம். அழுத்தத்தை அந்தத் துளையே உண்டாக்கிவிடும். கடையில் அரைத்த தூளுக்காகவே செய்தது அது. அதில் ஊசிக் கருவி, லெவலர் எல்லாம் வெட்டிச் செலவு.

அடிப்பக்கம் முழுக்கப் பொடித் துளைகளாக இருந்தால் கதை வேறு. அங்கே தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது தூள் மட்டும்தான். தூள் ஓரிடத்தில் கட்டியாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் இருந்தால், தளர்ந்த இடத்தில் வாய்க்கால் உடைத்த மாதிரி தண்ணீர் பாய்ந்துவிடும். பாய்ந்த இடத்தில் சாரம் தேவைக்கு மேல் இறங்கிக் கசக்கும், மற்ற இடத்தில் போதாமல் புளிக்கும். ஒரே கோப்பையில் இரண்டும் வரும். பாரிஸ்டாக்கள், அதாவது கடையில் எஸ்பிரெசோ போடுபவர்கள், தூளோடு மல்லுக்கட்டுவதெல்லாம் இந்த வாய்க்கால் உடையாமல் இருக்கத்தான்.

அவர்கள் செய்வது பெரிய வித்தை இல்லை. இரண்டு கோப்பைக் கிண்ணத்துக்கு 18 கிராம் என்று எடை போடுவார்கள். உங்கள் கிண்ணம் சிறியதானால் அளவு குறையும். பிறகு மெல்லிய ஊசிகளால் அடிவரை கிளறிக் கட்டிகளை உடைப்பார்கள். ஜான் வைஸ் என்ற அமெரிக்கக் காபிப் பிரியர் 2005-இல் சொன்ன முறை இது. கிளறியதும் ஒரு தட்டு தட்டி, டேம்பரால் அழுத்துவார்கள். 30 பவுண்டு, அதாவது சுமார் 14 கிலோ பாரம் கொடுக்க வேண்டும் என்பது பழைய பாடம். நானும் குளியலறைத் தராசை மேஜையில் வைத்து அழுத்திப் பழகியவன்தான்! உண்மையில் தூள் இனி அமுங்காது என்ற நிலை வந்த பிறகு கூடுதல் பலத்தால் பெரிய லாபம் இல்லை. சாய்ந்தால்தான் கெடுதல். டேம்பர் கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணீர் மெல்லிய பக்கமாக ஓடிவிடும். முழங்கை டேம்பருக்கு நேர் மேலே இருந்தால் சாயாது.

18 கிராம் தூளுக்கு 25 முதல் 30 விநாடியில் 36 கிராம் காபி இறங்கினால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். வேகமாக ஓடினால் இன்னும் நைசாக அரையுங்கள், திணறினால் சற்றுக் கொரகொரப்பாக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஆக, காசை எதில் போடுவது? 0.1 கிராம் காட்டும் தராசு முதலில். அடுத்து காபிக் கொட்டை அரைக்கும் கிரைண்டர், பெரும் பணம் போக வேண்டிய இடம் அதுதான். மூன்றாவது, அளவு பொருந்தும் டேம்பர். ஊசிக் கருவியை நீங்களே செய்யலாம்: 0.3 அல்லது 0.4 மில்லிமீட்டர் ஊசிகள் நாலைந்தை ஒரு தக்கையில் குத்தினால் முடிந்தது. சுற்றிச் சுற்றித் தேய்க்கும் லெவலர் மேற்பரப்பைத்தான் வழவழப்பாக்கும், அடியில் உள்ள கட்டி அப்படியே இருக்கும்.

கேள்வி: தனி கிரைண்டர் எதற்கு? வீட்டு மிக்சியில் அரைத்தால் ஆகாதா? (திருச்சி வாசகி)

பதில்: பில்டருக்கு ஒப்பேற்றலாம், எஸ்பிரெசோவுக்கு ஆகாது. மிக்சி பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது. ஒரே ஜாரில் மாவும் இருக்கும், ரவையும் இருக்கும். பர் கிரைண்டரில் இரண்டு பற்சக்கரங்களுக்கு இடையே கொட்டை நசுங்குகிறது, இடைவெளியைக் கூட்டிக் குறைத்து நைசை மாற்றலாம். வீட்டில் ஒன்றிரண்டு கோப்பைதான் என்றால் கையால் சுற்றும் பர் கிரைண்டரே போதும். கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஒரு கிளிக்குக்கு எவ்வளவு நகரும்? எஸ்பிரெசோவுக்கு மிகச் சிறிய நகர்வு தேவை. மிக்சிதான் கதி என்றால் விட்டு விட்டு ஓட்டுங்கள், ஜார் சூடானால் வாசனை போய்விடும்.

கேள்வி: "உங்கள் மாடலுக்குப் பொருந்தும்" என்று போட்டிருந்த டேம்பரை ஆன்லைனில் வாங்கினேன். வந்தது 58 மில்லிமீட்டர். என் கிண்ணம் 51. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அந்த விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாறிவிடலாம். விற்பவருக்கும் தளத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. மாடலே குறிப்பிடாமல் வெறும் 58 என்று போட்டிருந்து நீங்களே தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும் வழக்கு பலவீனம். வீட்டு மெஷின்களில் 51, 54, 58 என்று பல அளவு உண்டு. அடுத்த முறை கிண்ணத்தின் உள்விட்டத்தை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

கேள்வி: அரைக்கும் முன் கொட்டையில் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்தேன். கிரைண்டர் கெடாதா? (சென்னை வாசகி)

பதில்: சொட்டுக் கணக்கில் என்றால் பயமில்லை. அரைபடும்போது உரசலில் நிலைமின்சாரம் உண்டாகித் தூள் கிரைண்டரில் ஒட்டும், கட்டி கட்டியாக விழும். சிறிது ஈரம் அதைக் குறைக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் இதைச் சோதித்து, ஈரம் சேர்த்து அரைத்த தூளில் சாரமும் நன்றாக இறங்குவதைக் காட்டினார்கள். ஸ்பிரே பாட்டில்கூட வேண்டாம். ஸ்பூனின் காம்பைத் தண்ணீரில் நனைத்து, ஒரு தடவைக்கான கொட்டையை மட்டும் கிளறி உடனே அரைத்துவிடுங்கள். டப்பாவில் மிச்சமிருக்கும் கொட்டையில் ஈரம் படக் கூடாது.